வசிப்புரிமை முதலாளி போடும் பிச்சையா?

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கிருந்து போகும் புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: “பி.ஆர். கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே.” தாய் போனில் சொல்கிறாள். மாமனார் சொல்கிறார். முன்னாலேயே போய் அங்கே வீடு வாங்கிவிட்ட ஊர்க்காரர் இன்னும் அழுத்திச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் வேலை வாங்குகிறானா, பொறுத்துக்கொள். சம்பளத்தில் பிடிக்கிறானா, பிடிக்கட்டும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் குடும்பமே கரை சேர்ந்துவிடும்.

இந்தப் புத்திமதி தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறோம். சொல்பவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. நகையை அடகு வைத்து அனுப்பியவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் கல்யாணிலும் இருக்கும் அந்தப் பயத்தை வைத்துத்தான் அங்கே ஒருவன் லாபம் பார்க்கிறான் என்பதை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறோம். நம் வீட்டு வெல்டர், பிட்டர், மோட்டார் மெக்கானிக், சமையற்காரர், நர்ஸ் முதலானோரில் பலர் அந்த நாட்டுக்குப் போவது முதலாளி பெயர் கொடுத்து அழைக்கும் விசாவில். 1996ல் 457 என்ற எண்ணோடு அது வந்தது. 2018 மார்ச்சில் 457ஐ எடுத்துவிட்டு 482 என்றார்கள். 2024 டிசம்பர் 7 முதல் அதே 482க்குப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். எண்ணும் பெயரும் மாறினாலும் அது தற்காலிக விசாதான். நிரந்தரமாக அங்கே வசிக்கும் உரிமை வேண்டுமானால் 186 என்ற இன்னொரு படி ஏற வேண்டும். (நம்மில் பலர் இதைக் குடியுரிமை என்கிறார்கள். குடியுரிமை வேறு, அது இதற்கும் அப்புறம்.)

அந்தப் படியில் ஏறுவதற்கும் ஒரு முதலாளி ‘இந்த ஆள் எனக்கு வேண்டும்’ என்று அந்த நாட்டுச் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு நாமினேஷன் என்று பெயர். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவனுக்கு அவன் இதை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் அவனால் முடியும். பெற்றுக்கொண்டால் தொழிலாளியின் மனு விழுந்துவிடும். கட்டிய பணம் பெரும்பாலும் போனது போனதுதான். இதற்கு மேல் வயது வரம்பு வேறு. சில விலக்குகள் தவிர, மனுப் போடும் நாளில் 45 வயது நிறைந்திருக்கக் கூடாது.

இந்த வயது வரம்பு என்ன செய்கிறது என்பதற்கு நாம் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறோம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவரின் மகன். மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ் முடித்தவன். அப்ரண்டிஸ் முடித்தவர்களை ரயில்வே எடுத்துக்கொள்ளாத கதை உங்களுக்குத் தெரியும்; 2018 மார்ச் 20ஆம் தேதி அந்தப் பையன்கள் தாதருக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே தண்டவாளத்தில் உட்கார்ந்த அன்று நம்மில் பாதிப் பேர் ரயிலுக்குள் மாட்டிக்கொண்டு நின்றோம். இவன் அதற்கு வெகு முன்பே வளைகுடாவுக்குப் போய்விட்டவன். அங்கே பல வருடம் வெல்டிங். பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டறை. இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. நாமினேஷனைக் கேட்டால் ஜூனில் பார்க்கலாம் என்கிறார் முதலாளி. ஜூன் வந்தால் வேலை குறைவு, டிசம்பரில் பார்க்கலாம் என்கிறார். இதற்கிடையில் நாமினேஷன் செலவு என்று சொல்லி வாராவாரம் கூலியில் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. பையனுக்கு 44 நடக்கிறது. வாயைத் திறந்து கேட்டால் இருக்கிற வாய்ப்பும் போய்விடும். திறக்காவிட்டால் பிறந்த நாள் வந்துவிடும். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இங்கே ஒற்றை அறை வாடகை வீட்டில். பெயர் போடாதீர்கள் என்று தகப்பனார் கேட்டுக்கொண்டார், போடவில்லை.

அந்தச் செலவு என்ன செலவு? 2018 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டு ஆளை எடுக்கும் முதலாளி பயிற்சி நிதி ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும். தற்காலிக விசாவுக்குச் சின்ன நிறுவனம் வருடத்துக்கு 1,200 டாலர், பெரியது 1,800 டாலர். நிரந்தர நாமினேஷனுக்கு ஒரே தடவையாக 3,000 அல்லது 5,000. சொந்த நாட்டு இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்காமல் வெளியாளை இறக்குகிறாயே, அதற்கு நீ கட்டு என்பது இதன் நியாயம். தொழிலாளியிடம் இதை வசூலிக்கக் கூடாது என்று சட்டம் பச்சையாகச் சொல்கிறது. அதைத்தான் வாராவாரம் அவன் கூலியிலிருந்து எடுக்கிறார்கள்.

ஸ்பான்சர்ஷிப்பை விலைக்கு விற்பதும் குற்றம். 2015 டிசம்பரில் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பணம் வாங்குகிறவனுக்கு இரண்டு வருடம் வரை சிறை. நல்ல சட்டம்தானே என்பீர்கள். அதே சட்டத்தில் பணம் கொடுக்கிறவனுக்கும் அபராதம் உண்டு. அவன் விசாவையும் ரத்து செய்யலாம். விற்றவனும் வாங்கியவனும் ஒரே கூண்டில். அப்படியிருக்க எந்தத் தொழிலாளி போய்ப் புகார் எழுதுவான்? இங்கே நம் குடும்பங்களிடம் லட்சக்கணக்கில் கறக்கும் ஏஜெண்டுக்கு இது நன்றாகத் தெரியும். நம் நாட்டு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும் என்றுதான் வரம்பு விதித்தார்கள். அதற்கு மேல் கேட்பவன், தான் ஆள் எடுக்கும் ஏஜெண்ட் இல்லை, ‘விசா ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொள்கிறான். ரசீது கேட்டால் ஆலோசனைக் கட்டணம் என்று எழுதித் தருகிறான். அதுவும் பாதித் தொகைக்கு.

தோழர்களே, இது நமக்குப் புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணி கூட்டிப்போன காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தக் கூலி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கால்விலங்கு தேவைப்படவில்லை. 1921ல் அந்தத் துண்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். வளைகுடாவில் கஃபீல் இருக்கிறான். அங்கே கூட, கத்தாரில் 2020ல், வேறு வேலைக்குப் போகப் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். ஜனநாயக நாடு, தொழிலாளர் கட்சி ஆளும் நாடு என்று பெயர் பெற்ற ஆஸ்திரேலியாவில், ஒரு மனிதன் நிரந்தரமாக வாழலாமா கூடாதா என்பதைப் பட்டறைக்காரரின் கையெழுத்தில் தொங்க விட்டிருப்பது எந்த நியாயம் என்று கேட்கிறோம்.

நம் ரயில்வேயிலும் இது நடந்ததுதான். ஓபன் லைனில் தொடர்ந்து 120 நாள் வேலை பார்த்த கேஷுவல் தொழிலாளிக்குத் தற்காலிக அந்தஸ்து தர வேண்டும் என்பது விதி. ஆகவே 120 நிறையும் முன்பே இரண்டு நாள் ‘பிரேக்’ கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மூத்த தோழர்கள் பலர் இப்படி எண்ணி எண்ணியே தலை நரைத்தவர்கள். 1985ல் இந்தர் பால் யாதவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, புராஜெக்ட் தொழிலாளர்கள் 360 நாள் முடித்திருந்தால் அந்தஸ்து என்று வழி செய்தது. அன்றைக்கும் சண்டை நாட்களைப் பற்றியதுதான். உழைத்த நாள் உழைத்தவன் கணக்கில் ஏற வேண்டும், மேஸ்திரியின் மனசில் அல்ல என்றார்கள் நம் முன்னோர். 186க்கும் நாம் கேட்பது அதைத்தான்.

ஒன்றுமே மாறவில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். முன்பெல்லாம் வேலையை விட்டால் 60 நாளில் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதற்குமாக 365 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலையும் பார்க்கலாம். அதே தேதியிலிருந்து, விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது கிரிமினல் குற்றம். 2024 டிசம்பர் முதல், அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் வேலை பார்த்திருந்தாலும் அந்த இரண்டு வருடக் கணக்கில் சேரும். குறைந்தபட்ச வருடச் சம்பளம் 2013லிருந்து 53,900 டாலரிலேயே பத்து வருடம் அசையாமல் கிடந்தது. 2023 ஜூலையில் 70,000 ஆயிற்று, 2025 ஜூலையில் 76,515. இவை யாரோ மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. அங்குள்ள தொழிற்சங்கங்களும் குடியேறிய தொழிலாளர் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு வந்தவை. நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருந்தபோது வேறு யாரோ கத்தினார்கள்.

ஆனால் கடைசிக் கையெழுத்து மட்டும் இன்னும் முதலாளியிடமே இருக்கிறது. வேறு ஸ்பான்சரிடம் போகலாம் என்கிறார்கள். 44 வயதுக்காரனுக்குப் புது முதலாளி வந்த உடனே நாமினேஷன் எழுதிக் கொடுப்பாரா? அவரும் கொஞ்ச நாள் வேலை செய் பார்க்கலாம் என்பார்.

முதலாளி தானே அழைத்தார், கையெழுத்தும் அவர்தானே போட வேண்டும் என்று நம்மவர்களே வாதாடுகிறார்கள். சரி, 189 என்று ஒரு விசா இருக்கிறதே? வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் இவற்றுக்குப் புள்ளி போட்டு, எந்த முதலாளியும் இல்லாமல் ஆளே மனுப் போட்டு நிரந்தர வசிப்புரிமை பெறும் வழி அது. அங்கே டாக்டர் பட்டத்துக்கு 20 புள்ளி, பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பட்டத்துக்கு 15, தொழிற்கல்வித் தகுதிக்கு 10. படித்தவனை அவன் தகுதியைப் பார்த்தே நம்ப முடிகிறது. அந்த நாட்டுக்குள்ளேயே இரண்டு வருடம் வியர்வை சிந்தி, வரி கட்டி, சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் வெல்டரை நம்புவதற்கு மட்டும் முதலாளியின் சிபாரிசு வேண்டியிருக்கிறது. இதில் ஒளிந்திருப்பது திறமைக் கணக்கு அல்ல, வர்க்கக் கணக்கு.

வெளியாள் வந்து கூலியைக் குறைக்கிறான் என்று அந்த நாட்டுத் தொழிலாளியும் முணுமுணுக்கிறான். மும்பையில் ‘மதறாஸி’ என்று 1960களில் கல்லெறி வாங்கிய நமக்கு இந்த முணுமுணுப்பு பழக்கமானது. வெளியாள் கூலியைக் குறைப்பதில்லை. கட்டிப்போடப்பட்ட ஆள்தான் குறைந்த கூலிக்குத் தலையாட்டுவான். கட்டை அவிழ்த்துவிட்டால் அவனும் அடுத்த பட்டறைக்குப் போய் நல்ல கூலி கேட்பான். அந்த நாட்டுத் தொழிலாளிக்கும் லாபம் அதில்தான். அங்குள்ள சங்கத்தில் நம் பிள்ளைகள் சேர வேண்டும் என்று நாம் சொல்வதும் இதனால்தான். சங்கத்தில் சேர்ந்தால் விசா போகும் என்று ஏஜெண்ட் சொன்னால் அது பொய். சங்கத்தில் சேர அங்கே சட்டப்படி உரிமை உண்டு.

நம் சர்க்கார் என்ன செய்தது? 2023 மே மாதம் சிட்னியில் இரு நாட்டுப் பிரதமர்களும் இருக்க, குடிபெயர்வு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. கைதட்டல் பலமாக இருந்தது. அதில் வருடத்துக்கு 3,000 பட்டதாரிகள் போய் இரண்டு வருடம் வேலை பார்க்க ஒரு திட்டம் உண்டு. பட்டதாரிகள் போகட்டும், நமக்குப் பொறாமை இல்லை. அதே மேசையில் உட்கார்ந்து, எங்கள் வெல்டருக்கும் நர்ஸுக்கும் இரண்டு வருடம் முடிந்தால் அவர்களே மனுப் போடும் உரிமை கொடு என்று ஏன் கேட்கவில்லை? ஏமாந்து பணம் கொடுத்தவன் சாட்சி சொல்ல வந்தால் அவன் விசாவைத் தொடாதே என்று ஏன் எழுதி வாங்கவில்லை? அந்நியச் செலாவணி வரும்போது மட்டும் இவர்கள் தாய்நாட்டின் பிள்ளைகளா?

இந்த இரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதி வெளியுறவு அமைச்சகத்துக்கும் நம் பகுதி எம்.பி.க்களுக்கும் அனுப்பச் சங்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் கையெழுத்து வாங்குகிறோம். வெளிநாட்டில் பிள்ளை இல்லாதவர்களும் வந்து போடலாம். ‘ஸ்பான்சர்ஷிப்’ வாங்குவதற்கென்று சங்கச் சேமிப்பு நிதியிலிருந்து இனிக் கடன் கிடையாது என்பதும் தீர்மானம். தேர்வுக் கட்டணம், திறன் சோதனை, விசாக் கட்டணம், டிக்கெட் இவற்றுக்கு ரசீதைக் காட்டினால் கடன் உண்டு. போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால், கட்டிய பின்னால் அல்ல, ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள். வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்கிறோம். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் வேலை பார்த்த நாளையும் நேரத்தையும் கூலியில் பிடித்த தொகையையும் தினமும் ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டும். ‘பேர் வொர்க் ஓம்புட்ஸ்மன்’ என்ற அந்நாட்டு அலுவலகத்தில் பேச ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணைக் கூப்பிட்டு ‘தமிழ்’ என்றால் தமிழ் பேசும் ஆளை இணைத்துத் தருவார்கள்.