போட்டிக்காரன் பேப்பரைக் காப்பி அடிக்காதீங்க சாமிகளா!

மிக்ஸி போட்டா டிவியில கோடு கோடா ஓடுமே, ஞாபகம் இருக்கா மக்களே? ஒரு கருவி இன்னொண்ணைத் தொல்லை பண்ணக் கூடாது, இன்னொண்ணு பண்ற தொல்லையைத் தாங்கவும் செய்யணும். இதுக்குப் பேருதான் ஈ.எம்.சி., மின்காந்த இணக்கம். எனக்குச் சோறு போடற துறை.

போன வருஷம் ஒரு எல்.ஈ.டி. டேபிள் லாம்ப், ஜெர்மனிக்குப் போகணும். எந்த ஸ்டாண்டர்டுக்கு டெஸ்ட் பண்ணணும்னு நான் பார்த்துட்டு இருக்கும்போதே முதலாளி ஒரு பேப்பரை நீட்டினார். வேற கம்பெனி டிக்ளரேஷன். "இதுல இருக்கறதையே போட்டுருங்க தம்பி, அவங்க விக்கலையா?"

அதுல இருந்தது ஈ.என். 55022. கம்ப்யூட்டர் வகையறாவுக்கானது. அதுவும் 2017 மார்ச்சிலேயே 55032-க்கு இடத்தை விட்டுட்டுப் போயாச்சு. விளக்குக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

இதுக்கு ஜோசியம் வேண்டாம். பொருள் என்ன, எங்க பயன்படுத்துவாங்க, எந்த நாட்டுல விக்கறோம்? அவ்வளவுதான் கேள்வி. அந்தப் பொருளுக்குன்னே ஸ்டாண்டர்டு இருந்தா அதுதான். விளக்குக்கு இருக்கு: வெளியே விடற தொல்லைக்கு 55015, தாங்கற சக்திக்கு 61547. மெயின் லைனைக் கெடுக்காம இருக்க 61000-3-2, 3-3. எதுவும் பொருந்தலைன்னாத்தான் 61000-6 வரிசையில இருக்கற பொது ஸ்டாண்டர்டு. அதுலயும் வீடா ஃபேக்டரியான்னு பார்க்கணும்.

"எதுக்குப் பண்ணா என்ன?"னு கேக்கறவங்களுக்கு: 55022-ல லைன் வழியா போற இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸுக்கு மேலதான் அளப்பாங்க. 55015-ல 9-லேர்ந்தே அளக்கணும். எங்க டிரைவர் சர்க்யூட் ஓடினது 70 பக்கத்துல. ஜெர்மனியில ரேடியோ கடிகாரங்க மணி சரி பண்ணிக்கற சிக்னல் ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்து மைன்ஃப்ளிங்கன்லேர்ந்து 77.5 கிலோஹெர்ட்ஸ்ல வருது. படுக்கை பக்கத்துல நம்ம லாம்ப், அதுக்குப் பக்கத்துல கடிகாரம்... புரியுதா?

கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல என் பேர். மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாள் முதலாளி முகம் கொடுத்துப் பேசலை. அப்புறம் 55015-க்கே டெஸ்ட் பண்ணோம். ஃபெயில்! ஃபில்டரை மாத்தின பிறகுதான் தேறிச்சு. காப்பி அடிச்சிருந்தா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

"லேப்காரங்க பார்த்துப்பாங்க"ங்கறது அடுத்த சால்ஜாப்பு. நல்ல லேப் யோசனை சொல்லும். ஆனா சட்டப்படி பொறுப்பு தயாரிக்கறவரோடதுதான்.

இப்ப அடுத்த மாடலுக்கு ப்ளூடூத் வேணுமாம். "மாட்யூலுக்குத்தான் சர்டிஃபிகேட் இருக்கே தம்பி!" ஐயா, ரேடியோ உள்ள வந்த உடனே சட்டமே மாறுது. ஈ.எம்.சி. டைரக்டிவ் 2014/30 போய், ரேடியோ டைரக்டிவ் 2014/53 வந்துரும். விளக்கு ஸ்டாண்டர்டோட 301 489-1, 489-17-ம் சேரும். மாட்யூலோட சர்டிஃபிகேட் மாட்யூலுக்கு. நம்ம சர்க்யூட் போடற சத்தத்துக்கு அது எப்படிங்க ஜாமீன் கொடுக்கும்?

மறுபடியும் ரெண்டு நாள் பேச மாட்டார்னு நினைக்கறேன் :-)

டிஸ்கி: அமெரிக்காவுக்குக் கணக்கே வேற. எஃப்.சி.சி. பார்ட் 15-ல தாங்கற சக்திக்கு டெஸ்ட்டே கேக்கறதில்லை. அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பிராதீங்க!