பொன்னாடை இருக்கட்டும், சம்பளம் எங்கே?

சாரல் சீசனில் மதுரையிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் வாசுதேவநல்லூரைத் தூங்கிக்கொண்டேதான் கடப்பார்கள். சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில், மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர். அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், ஏன், தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊரிலும், 2021-க்குப் பிறகு இரண்டு பெண்கள் தெருவுக்குப் பழக்கமானார்கள்.

ஒருவர் காலையில் வருவார். தோளில் ஒரு பை. பைக்குள் பிரஷர் பார்க்கிற கருவி, சுகர் பார்க்கிற கருவி, மாத்திரை அட்டைகள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர். இன்னொருவர் சாயங்காலத்து ஆள். வீட்டுத் திண்ணையிலோ பொது இடத்திலோ இருபது பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுப்பார். அதே வருடம் அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’.

இரண்டுமே நல்ல திட்டங்கள். இதைச் சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது. கொரோனாவில் ஒன்றரை வருடம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, படித்ததை மறந்துபோன பிள்ளைகளைத் திரும்ப எழுத்துக்கு இழுத்து வந்தவர்கள் அந்த சாயங்காலப் பெண்கள். சர்க்கரை மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜி.ஹெச். வரிசையில் நிற்க வேண்டியிருந்த பாட்டிகளுக்கு வாசலிலேயே மாத்திரை கொடுத்தவர்கள் அந்தக் காலைப் பெண்கள். 2024-ல் மருத்துவத் திட்டத்துக்கு ஐ.நா. விருதே கிடைத்தது. சந்தோஷம்.

என் சண்டை திட்டத்தோடு இல்லை. அந்தப் பெண்களுக்கு வைத்த பெயரோடு. தன்னார்வலர்!

கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது பாருங்கள். இந்தக் கௌரவத்துக்கு ஒரு விலை உண்டு. இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1000 ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மாதத்துக்கு வெறும் இருபது நாள் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மணிக்கு 33 ரூபாய். கொடுக்கப்பட்டது இது. கேட்கப்பட்ட தகுதி? ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ. அதற்கு மேல் என்றால் டிகிரி.

மருத்துவத் திட்டத்தில் தொடக்கத்தில் மாதம் 4500 ரூபாய். பிறகு 5500 ஆக்கினார்கள். 4500-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 173 ரூபாய். அதே 2021-22-ல் நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 273 ரூபாய். கண்மாயில் மண் அள்ளுகிறவருக்குக் குறைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. அவருக்கும் அது போதாது. ஆனால் ஊரின் பிரஷரையும் சுகரையும் கணக்கு வைத்திருக்கிற பெண்ணுக்கு அதற்கும் நூறு ரூபாய் குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

“அது அரை நாள் வேலைதானே சார்?” என்று உடனே கிளம்புவார்கள். கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அரை நாள். எலுமிச்சைத் தோட்டத்துக்கும் களையெடுப்புக்கும் போகிற ஆளை விடிவதற்குள் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வீடு திரும்புகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ராத்திரி மயக்கம் வந்தால், “ஏளா, அந்த மாத்திர குடுக்கற பிள்ளையக் கூப்பிடு” என்றுதான் சொல்வார்கள். “அது பார்ட் டைம், காலையில வரும்” என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஒரே ஊர்க்காரப் பெண், ஊரோடு வாழ்கிறவர், ஊருக்குத் தெரிந்தவர் என்பதுதான் இந்தத் திட்டங்களின் பலமே. அந்தப் பலத்தையே காரணமாகச் சொல்லி சம்பளத்தை அமுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்குத்தானே செய்கிறாய் தாயி, அதற்குக் கூலியா? ஆண் பிள்ளை செய்தால் உத்தியோகம், பெண் பிள்ளை செய்தால் சேவை. கலெக்டரும் மக்களுக்குத்தான் சேவை செய்கிறார். அவரைத் தன்னார்வலர் என்று யாராவது கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

இந்த வித்தை ஒரு கட்சிக்கோ ஒரு அரசுக்கோ மட்டும் சொந்தமில்லை. அங்கன்வாடி தொடங்கியது 1975-ல். அன்றிலிருந்தே அவர்களுக்கு மத்திய அரசின் ஏட்டில் பெயர் ‘மதிப்பூதியம் பெறும் ஊழியர்’. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. 47 வருடம்! அதற்கு அடுத்த மாதமே ‘ஆஷா’ பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. நாடே கைதட்டியது. நம் மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டையைத் தாண்டினால் வருகிற கேரளத்தில், அந்த விருது வாங்கிய ஆஷாக்கள் 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். வாங்கிக்கொண்டிருந்தது 7000. கேட்டது 21,000. ஐம்பதாவது நாள் தலைமுடியை வெட்டி எறிந்து போராடினார்கள். ஆண்டது தொழிலாளர் கட்சி. தொழிலாளி யார் என்று முடிவு செய்கிற இடத்தில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறது.

“அறிவொளி இயக்கத்தில் யார் சம்பளம் வாங்கினார்கள்?” என்று என் நண்பர்கள் சிலரே கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். நம் நெல்லைச் சீமையிலும் அறிவொளி நடந்தது. தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான், அதுவரை வாசுதேவநல்லூரும் திருநெல்வேலிக்குள்தான். ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு பாட்டாளிகளுக்கு ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்த பையன்களும் பெண்களும் காசு வாங்கவில்லை. உண்மை.

ஆனால் அது இயக்கம். பாட்டு உண்டு, நாடகம் உண்டு, சண்டை உண்டு. எந்தத் தெருவில் எப்போது நடத்துவது என்று அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். மேலே இருக்கிறவரை எதிர்த்துக் கேட்டார்கள். அதற்கு ஒரு கால அளவும் இருந்தது. வருடக்கணக்கில் ஓடுகிற, தினமும் பதிவேடு எழுத வேண்டிய, செல்போனில் புள்ளிவிவரம் ஏற்ற வேண்டிய, டார்கெட் குறைந்தால் திட்டு வாங்க வேண்டிய ஒன்றுக்கு இயக்கம் என்று பெயரில்லை. அது வேலை. வேலைக்கான கண்டிப்பு முழுசாக வேண்டும், சம்பளம் மட்டும் இயக்கம் மாதிரி இருக்க வேண்டுமா?

தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங்கின் பெயரை அதற்கு வைத்தார். 1992-ல் வந்து சேர்ந்த சங்கர ராமனும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். யாருக்குத் தேவையோ அவர்களே தலைமை ஏற்ற நிறுவனம். பத்திரிகைகள் (நம் பத்திரிகைகளும்தான்) அவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘தன்னம்பிக்கை’ என்று ஒரு தலைப்பைப் போட்டுக் கண்ணீர் மல்கி முடித்துவிடும். சங்கர ராமன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இயன்முறை மருத்துவர்களின் மேற்பார்வையில், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு வெறும் தன்னம்பிக்கையில் ஓடாது. பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த ஏற்பாட்டிலிருந்து அரசு கற்றுக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

“பணத்துக்கு எங்கே போவது?” கடைசி அஸ்திரம் இதுதான். இந்தக் கேள்வியை எத்தியோப்பியாவிடம் கேளுங்கள். நம்மைவிட ஏழை நாடு. எண்பதுகளில் பஞ்சத்துக்கு உதாரணமாக நாம் சொல்லிக்கொண்டிருந்த நாடு. 2003-ல் அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள். அந்தந்த ஊரிலேயே பத்தாம் வகுப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடு, ஒரு வருடம் பயிற்சி கொடு, ஊருக்கு இரண்டு பேரை நியமி, அரசாங்கச் சம்பளம் கொடு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இப்படி வேலைக்கு வந்தார்கள். 1990-ல் ஆயிரத்துக்கு 200-க்கும் மேல் இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு 2012-க்குள் 70-க்குக் கீழே இறங்கியது. எல்லாமே இந்தப் பெண்களால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. அங்கேயும் ஆசை விடவில்லை. 2011-ல் ‘பெண்கள் மேம்பாட்டுப் படை’ என்று சம்பளமில்லாத இன்னொரு கூட்டத்தைச் சேர்த்தார்கள். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடான வீட்டுப் பெண்ணை ஓசியில் வேலை வாங்குவதா என்று ஆய்வாளர்கள் அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

2018-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு வழிகாட்டு நெறியே போட்டுவிட்டது. சமூக சுகாதாரப் பணியாளருக்கு வேலைக்குத் தகுந்த ஊதியம் வேண்டும், அது வெறும் இலக்கைப் பார்த்துக் கொடுக்கிற ஊக்கத்தொகையாக இருக்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். விருது கொடுத்த அதே நிறுவனம் சொன்னது இது. விருதை வாங்கிக்கொண்ட கை இந்தக் காகிதத்தை மட்டும் வாங்க மறுக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நியமன உத்தரவு எழுத்தில் கொடுங்கள். தன்னார்வலர் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஊழியர் என்று எழுதுங்கள். சட்டம் சொல்கிற குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு ரூபாயும் குறையாமல் கொடுங்கள். வெயிலில் அலைகிறவருக்கு விபத்துக் காப்பீடும் பேறுகால விடுப்பும் கொடுங்கள். ஊரில் என்ன பிரச்னை என்று கேட்கிற கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எந்தத் தெருவில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று மாவட்ட அலுவலகத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினம். வாசுதேவநல்லூர் பேரூராட்சி, அதனால் அங்கே கிராம சபை கிடையாது. பக்கத்தில் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலில் உண்டு. மாத்திரைப் பையோடு வருகிற பெண்ணின் சம்பளத்தை அடுத்த மே 1-ல் தீர்மானமாகப் போட்டு அனுப்பச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் எழுந்து கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதுவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.