எழுத்து தெரியாமல் கல்வெட்டு ஏது?

போன வாரம் உத்திரமேரூரில் நடந்த அறிவியல் கூட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் முன்னால் ஒருவர் அடித்துப் பேசினார். வானியலுக்கு வேண்டியது பெரிய தொலைநோக்கிதானாம். அணுக்கள், மூலக்கூறுகளின் அலைநீளங்களை ஆய்வகத்தில் அளந்து அட்டவணை போடுவது குமாஸ்தா வேலையாம். கணினியே கணக்குப் போட்டுத் தந்துவிடுமாம். அதற்குக் கொடுக்கும் பணம் வீணாம். ஒவ்வொன்றும் தவறு. பிள்ளைகளிடம் சொன்னதால் பெருந்தவறு.

அந்த ஊரிலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அதன் சுவரில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டாக எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்த பிறகே அது தேர்தல் முறையைச் சொல்கிறது என்று உலகம் அறிந்தது. வானமும் அப்படித்தான்: தொலைநோக்கியில் வரும் ஒளியைப் பிரித்தால் கிடைப்பது வெறும் கோடுகள். எந்தக் கோடு எந்த அணுவுடையது என்ற எழுத்தறிவு ஆய்வகத்திலிருந்துதான் வருகிறது.

1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தன்று குண்டூரில் வானியலாளர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. அது ஹீலியத்தின் கோடு என்பதை 1895இல் வேதியியலாளர் ராம்சே ஆய்வகத்தில் அந்த வாயுவைப் பிடித்துக் காட்டினார். 27 ஆண்டு இடைவெளி.

அடுத்த ஆண்டுக் கிரகணத்தில் சூரியனின் ஒளிவளையத்தில் ஒரு பச்சைக் கோடு. யாருக்கும் அடையாளம் தெரியாததால் 'கொரோனியம்' என்று இல்லாத தனிமம் ஒன்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தொலைநோக்கிகள் பெருகின, கிரகணங்கள் வந்து போயின, புதிர் அவிழவில்லை. சுவீடனின் இயற்பியலாளர் எட்லேன் ஆய்வகத்தில் வெற்றிடத் தீப்பொறியில் இரும்பின் நிறமாலையை அளந்து வைத்திருந்தார். அந்த எண்களை வைத்துக்கொண்டு வானியலாளர் க்ரோட்ரியானும் அவரும் 1939 தொடங்கிச் சில ஆண்டுகளில் விடை கண்டார்கள்: பச்சைக் கோடு, 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. இரும்பு அப்படி உரிய வேண்டுமானால் பத்து லட்சம் டிகிரி வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ 6,000 டிகிரிக்கும் கீழே. ஒளிவளையம் மட்டும் ஏன் அவ்வளவு சூடு? இன்றும் சூரிய இயற்பியலாளர்களைத் தூங்கவிடாத அந்தக் கேள்வி, கூட்டத்தில் பேசியவர் குமாஸ்தா வேலை என்ற அட்டவணையிலிருந்து பிறந்தது.

கணினி போதுமா? இரும்பு போன்ற பல எலக்ட்ரான் அணுக்களில் கணக்கிட்ட அலைநீளத்தின் பிழை, நிறமாலைமானி பிரித்துக் காட்டும் அளவைவிடப் பெரிது. விண்மீன்களுக்கு இடையே 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறின் அயனி இருக்கிறது என்ற ஐயம் 1994இல் எழுந்தது. 2015இல் பாசலில் ஜான் மையர் குழு, ஏறத்தாழ 6 கெல்வின் குளிரில் அதன் நிறமாலையை ஆய்வகத்தில் அளந்த பிறகே உறுதியானது.

ஆய்வுக்குப் பணம் குறைவு என்பது உண்மை. அந்தக் குறைந்த பணத்தில் தொலைநோக்கியைக் கட்டிவிட்டு, அது தருவதைப் படிக்க வழியில்லாமல் நிற்பதுதான் வீண்.

கூட்டத்தில் பேசியவர் மேடையில் புகழ்ந்த காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கேட்டாலே போதும். அதன் எஷெல் நிறமாலைமானியில் விண்மீனோடு தோரியம்-ஆர்கன் விளக்கு ஒன்றையும் படம் எடுக்கிறார்கள். அந்த விளக்கின் கோடுகளை ஆய்வகத்தில் அளந்து வைத்திருப்பதால்தான் விண்மீனின் கோடுகளுக்கு அலைநீளம் குறிக்க முடிகிறது. அவர் அதே பிள்ளைகள் முன்னால் வந்து இதைச் சொல்லட்டும்.