பேத்திக்கு விமான டிக்கெட் வேண்டாம்

கல்லூரியில் படிக்கும் பேரனோ பேத்தியோ இமயமலைப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டால், நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "காலம் கெட்டுக் கிடக்கு, அதெல்லாம் வேண்டாம்." இன்னொன்று, "நாங்களே கூட்டிட்டுப் போறோம்." இரண்டாவது பதில் சொன்னவர்கள் நேரே தி. நகரில் ஒரு டிராவல்ஸுக்குப் போய் சிம்லா–மணாலி ஆறு நாள் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிடுவார்கள். விமானம், ஏசி வேன், மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு. பிள்ளைகள் மணாலியிலும் இட்லி சாம்பார் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

இரண்டு பதிலும் எனக்குச் சம்மதமில்லை. மாணவப் பருவத்தில் கையில் கொஞ்சம் பணத்தோடு, ரயிலில், கூட்டமில்லாத ஒரு மலையூருக்குப் போய், ஐந்தாறு நாள் அங்கேயே தங்கிவிட்டு வரவேண்டும் என்பது என் கட்சி. எந்த ஊர் என்று கேட்டால் அல்மோரா என்பேன்.

உத்தராகண்டில் குமாவுன் பகுதியில் இருக்கும் ஊர். உயரம் சுமார் 1,600 மீட்டர். ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம், ஊட்டியைவிட நன்றாகக் குறைவு. மூச்சு வாங்கும் உயரமில்லை. ஊரின் முதுகெலும்பு மாதிரி கல் பாவிய ஒரு பழைய கடைத்தெரு. பக்கத்தில் கசார் தேவி குன்றுக்கு ஏறினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் நந்தா தேவியும் திரிசூலும் பனியோடு தெரியும்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு அல்மோரா ஒன்றும் அந்நிய ஊரல்ல. 1897 பிப்ரவரியில் நம் கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கியிருந்த விவேகானந்தர், அதே ஆண்டு மே மாதம் அல்மோராவுக்குப் போனார். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் ஆசிரியராக இருக்க, 1896இல் சென்னையில் தொடங்கிய ஆங்கில மாதப் பத்திரிகை 'பிரபுத்த பாரதா'. 1898இல் அவர் 26 வயதில் காலமானதும் பத்திரிகை நின்றுபோயிற்று. விவேகானந்தர் அதை மீண்டும் தொடங்கவைத்த இடம் அல்மோரா. மறு வருஷம் அங்கிருந்து மாயாவதி ஆசிரமத்துக்குப் போனது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

அதோடு முடியவில்லை. உதயசங்கர் அல்மோராவில் தம் கலை மையத்தை நடத்தியபோது, அங்கே பரதநாட்டியம் கற்றுக்கொடுத்தவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை. உதயசங்கர் பின்னால் எடுத்த 'கல்பனா' படம் உருவானது நம் ஜெமினி ஸ்டூடியோவில். ஆகவே பிள்ளைகள் அங்கே போவது புதுவழியே அல்ல. நம் ஊர்ப் பெரியவர்கள் நடந்த தடம்தான்.

வழியும் சிரமமில்லை. சென்ட்ரலில் இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். விஜயவாடா தாண்டி விடியும், மதியம் நாக்பூர், ராத்திரி போபால், அதற்கடுத்த நாள் காலை புதுதில்லி. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ஸ்லீப்பரில் 800 ரூபாயை ஒட்டிய கட்டணம். அன்று இரவு பழைய தில்லியிலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் காத்கோதாம். 1884இலேயே ரயில் போய்ச் சேர்ந்த மலையடிவார ஊர். அங்கிருந்து பஸ்ஸிலோ ஷேர் ஜீப்பிலோ நான்கு மணி நேரத்துக்குள் அல்மோரா.

கல்லூரி முதல்வர் கல்விச் சுற்றுலா என்று சான்று கொடுத்தால், மாணவர்கள் குழுவாகப் போக ஸ்லீப்பரில் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு. நம் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு போயிற்று. மாணவர் சலுகை இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

"இரண்டு நாள் ரயிலிலேயே போயிடுமே, விமானத்தில் போனால் மூணு மணி நேரம்" என்று என் பிள்ளையே சொன்னான். ரயிலில் போகிற நாளும் பயணத்தில் சேர்த்திதான். கோதாவரி பாலமும், நாக்பூர் வெயிலும், எதிர் பெர்த்தில் சப்பாத்தி நீட்டுகிற மராத்தி அம்மாவும் விமானத்தில் கிடைக்க மாட்டார்கள். தேசம் எவ்வளவு பெரியது என்பது முதுகு வலித்தால்தான் புரியும்.

போன வருஷம் என் பேத்தி, இரண்டாம் வருஷம் படிக்கிறவள், கூடப் படிக்கும் மூன்று பெண்களோடு அல்மோரா போகிறேன் என்றாள். வீட்டில் பெரிய விவாதம். "நாலு பெண் குழந்தைகளைத் தனியா அனுப்புறதா?" என்று என் மனைவி. "அப்பா, நீங்க நடுவில் வந்து செல்லம் கொடுக்காதீங்க" என்று பிள்ளை. பயம் நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயத்துக்கு வழி செய்யலாம், வாசலைச் சாத்தவேண்டியதில்லை. மழைக்காலத்தில் மலைச்சரிவு அபாயம் உண்டு, ஜூலை, ஆகஸ்டில் போகக்கூடாது. மலைப்பாதையில் இருட்டிய பிறகு வண்டி ஏறக்கூடாது. முதல் இரண்டு இரவுக்காவது தங்குமிடத்தை இங்கிருந்தே பேசி முடிவு செய்யவேண்டும். தினமும் ராத்திரி ஒரு போன். பேத்தி எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். அக்டோபரில் போனார்கள்.

ஒரு குடும்பம் மாடியில் வாடகைக்கு விடும் இரண்டு அறையில் ஐந்து நாள் தங்கினார்கள். போக வர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து ஒருத்திக்கு 9,400 ரூபாய் என்று நோட்டில் கணக்கு எழுதி வந்து காட்டினாள். கூடவே அந்த ஊர் பால் மிட்டாய் ஒரு பெட்டி. கோவாவைப் பழுப்பு நிறம் வரும்வரை கிளறி, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள் ஒட்டிய இனிப்பு.

பனிமலையைப் பற்றிச் சொல்வாள் என்று உட்கார்ந்தேன். அவள் சொன்னது அந்த வீட்டுப் பாட்டியைப் பற்றி. "தாத்தா, அவங்களுக்கு ரெண்டு பசங்க. ஒருத்தர் தில்லி, ஒருத்தர் ஹல்த்வானி. வீட்டில் ஆறு ரூம், இருக்கிறது ரெண்டு பேர். நாங்க கிளம்பும்போது அழுதுட்டாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த அமைதியின் காரணம் உறைத்தது. 2001க்கும் 2011க்கும் இடையே உத்தராகண்டில் இரண்டே மாவட்டங்களில் ஜனத்தொகை குறைந்தது. ஒன்று பௌரி, மற்றது அல்மோரா. வேலை தேடி இளைஞர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். எத்தனையோ கிராமங்களில் பூட்டிய வீடுகள். நாம் அமைதி என்று பணம் கொடுத்துத் தேடிப் போவது, அந்த ஊர்ப் பெற்றோருக்குப் பிள்ளைகள் இல்லாத வெறுமை.

நமக்கு இது புரியாததா? மயிலாப்பூரிலும் அடையாறிலும் மூன்று பெட்ரூம் ஃபிளாட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, நியூஜெர்சியிலிருந்து எப்போது போன் வரும் என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! அல்மோராப் பாட்டியும் நாமும் ஒரே கட்சி.

அதனால்தான் குறைந்த பணத்தில் போகச் சொல்கிறேன். பேக்கேஜில் கட்டும் பணத்தில் பெரும்பங்கு ஏஜென்டுக்கும் பெரிய ஹோட்டலுக்கும் போய்விடும். மாணவர்கள் கொடுக்கும் சில நூறு ரூபாய் மாடி அறைக்காரருக்கும், டீக்கடைக்காரருக்கும், ஜீப் ஓட்டுகிறவருக்கும் நேராகப் போகும். கையில் பணம் அதிகமிருந்தால் யாரிடமும் பேசவேண்டிய அவசியமில்லை. குறைவாக இருந்தால் வழி கேட்கவேண்டும், விலை கேட்கவேண்டும், கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிடவேண்டும். அப்படித்தான் ஒரு வீட்டுக்குள் போகமுடியும்.

அனுப்புகிறவர்கள் ஒன்றிரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். அல்மோராவுக்குக் குடிதண்ணீர் கீழே ஓடும் கோசி ஆற்றிலிருந்து மலைமேல் ஏற்றப்படுவது. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர்க்காரர்கள் நாம். பக்கெட்டில் அளந்து குளிப்பது நமக்குத் தெரியாததல்ல. வழியில் கைஞ்சி தாம் கோயில் இருக்கிறது. ஜூன் 15 அங்கே திருவிழா, சனி ஞாயிறும் நெரிசல். அந்த நாட்களைத் தவிர்த்தால் ரோட்டில் மணிக்கணக்கில் நிற்கவேண்டாம். ஐந்து நாளில் ஐந்து ஊர் என்று ஓடாமல் ஒரே ஊரில் இருக்கட்டும். கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டு போகட்டும். ஒரு பாட்டியிடம் பேசும் அளவுக்கு வந்தால் போதும்.

இந்த வருஷம் உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், முதலில் "எந்த டிரெயின்?" என்று கேளுங்கள். புளியோதரை கட்டிக்கொடுங்கள். பணத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தே கொடுங்கள்.