‘டா’வை நீக்கிவிட்டுப் பாடாதீர்கள்

ராயபுரத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் நாஜிம் ஹிக்மத்தைப் படித்தோம். துருக்கியின் கம்யூனிஸ்ட் கவிஞர். 1938இல் 28 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர். சிறையில் அவர் இருந்த உண்ணாவிரதமும் உலகக் கலைஞர்கள் எழுப்பிய குரலும் சேர்ந்து 1950இல் விடுதலை வாங்கித் தந்தன. மறு ஆண்டே அவருடைய குடியுரிமையை அரசு பறித்தது. 1963இல் மாஸ்கோவில் இறந்தார். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தது 2009இல். இனி அவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்று உறுதியாகி 46 ஆண்டுகள் கழித்து!

“நம்மகிட்ட இப்படி ஒருத்தர் இல்லையாக்கா?” என்று கேட்டான் ஒரு தம்பி.

இருந்தார். இதே சென்னையில், புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். கீழக்கரையில் 1944இல் பிறந்த சாகுல் அமீது என்கிற இன்குலாப்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் மக்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. திராவிட இயக்கத்தில் நின்ற இன்குலாப்பை மார்க்சியத்தின் பக்கம் திருப்பியது வெண்மணி. ‘மனுசங்கடா’ அந்தக் கோபத்தின் பாட்டு. கே.ஏ. குணசேகரனின் குரலில் அது சேரி சேரியாகப் போனது.

இன்று அதே பாட்டு கல்லூரி விழாக்களில், ‘எல்லோரும் மனிதர்கள்தானே’ என்கிற மென்மையான மனிதநேயமாகப் பாடப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘மனுசங்க’ என்று மட்டும் சொன்னால் அது வேண்டுகோள். ‘டா’ சேரும்போதுதான், இல்லை என்று மறுத்தவன் ஒருவன் எதிரே நிற்பது தெரிகிறது. நம் தாத்தாக்களை, வயதுகூடப் பார்க்காமல் ‘டா’ போட்டுக் கூப்பிட்டவனுக்கு அதே எழுத்தால் வந்த பதில் அது. சாதியைச் சொல்லாமல் அதைப் பாடுவது, எதிரியை மேடையிலிருந்து பத்திரமாக இறக்கிவிடுவதுதான்.

இன்குலாப்புக்கு இது புரிந்திருந்தது. அரசு தந்த கலைமாமணி விருதை ஈழப் படுகொலையைக் கண்டித்துத் திருப்பிக் கொடுத்தார். 2016 டிசம்பர் 1இல் இறந்தபோது உடல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அடுத்த ஆண்டு ‘காந்தள் நாட்கள்’ நூலுக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவித்தபோது குடும்பத்தினர் ஏற்க மறுத்தார்கள். செத்த பிறகு அணைத்துக்கொள்ளும் அரசுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல ஹிக்மத்தால் முடியவில்லை. இன்குலாப்பின் வீடு சொன்னது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். எங்களைத் தனியாரிடம் தள்ளாதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. எங்கள் தெருக் குப்பையை அள்ளியவர்கள் அவர்கள். எங்களில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்தோம்?

அடுத்த கூட்டத்தில் இன்குலாப்பைப் படிக்கப்போகிறோம். அந்த 13 நாளும் அங்கிருந்த அக்காக்களை அழைத்திருக்கிறோம். முதலில் அவர்கள் பேசட்டும். பாட்டு அப்புறம்.