9 கோடி ஷாருக், 20 லட்சம் சாய்: ஐபிஎல் ஏலத்தில் விலை ஆளுக்கா, இடத்துக்கா?

காஞ்சிபுரம் பெயரில் டிஎன்பிஎல்-லில் ஒரு காலத்தில் அணி இருந்தது. 2016-ல் ரூபி காஞ்சி வாரியர்ஸ், பிறகு விபி காஞ்சி வீரன்ஸ். இன்று எதுவும் இல்லை. ஆனால் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் பேட்டோடு திரியும் பசங்களுக்குக் குறைவில்லை. 75 கி.மீ. தள்ளி இருக்கும் சென்னை லீக், அங்கிருந்து டிஎன்பிஎல், அப்புறம் ஐபிஎல் ஏலம். அவர்கள் மனசுக்குள் இருக்கும் வழி இதுதான்.

இந்த வழியில் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கிறது. ஏலத்தில் விலை போவது பையனின் திறமை மட்டும் அல்ல. அவனுடைய அணி அவனை எந்த இடத்தில் ஆட வைத்தது என்பதும் சேர்ந்துதான் விலை போகிறது.

ஷாருக் கானை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் தமிழ்நாடு சையத் முஷ்டாக் அலி கோப்பையை வென்றபோது அவர் வேலை கடைசி ஓவர்களில் வந்து அடிப்பது. காலிறுதியில் ஹிமாச்சலுக்கு எதிராக 19 பந்தில் 40. அடுத்த மாதமே பஞ்சாப் கிங்ஸ் அவரை 5.25 கோடிக்கு எடுத்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதிப்போட்டியில், கர்நாடகாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட, சிக்ஸர் அடித்தார். 2022 ஏலத்தில் விலை 9 கோடி. கடைசி ஓவர் அடிக்கும் இந்திய வீரர்கள் சந்தையில் குறைவு. தமிழ்நாடு அணி அந்த இடத்தைக் கொடுத்திருக்காவிட்டால், மூன்றாவது இடத்தில் ஆடும் பல பேரில் ஒருவராக அவர் நின்றிருப்பார்.

இப்போது எதிர்ப்பக்கம். 2022 நவம்பர் 21, பெங்களூரு, விஜய் ஹசாரே கோப்பை. அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக நாராயண் ஜெகதீசன் 277, சாய் சுதர்சன் 154. தொடக்க ஜோடிக்கு மட்டும் 416 ரன். ஜெகதீசனுக்கு அது தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை விடுவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை! அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா கொடுத்தது 90 லட்சம். கோடியைத் தொடவில்லை. அருணாச்சல் பந்துவீச்சு பலவீனம்தான், மறுக்க முடியாது. ஆனால் 50 ஓவர் தொடக்க வீரர் என்ற இடத்துக்கே டி20 சந்தையில் கிராக்கி கம்மி.

கூட ஆடிய சாய் சுதர்சன் அப்போது குஜராத் டைட்டன்ஸில் 20 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தார். 2023-ல் டிஎன்பிஎல் முதல்முறையாக ஏலம் நடத்தியபோது கோவை கிங்ஸ் அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஊர் லீக்கில் ஐபிஎல்-லைவிட அதிக சம்பளம்! நிதானமாக நின்று ஆடுபவருக்கு குஜராத் மேல்வரிசையில் இடம் கொடுத்தது. 2023 இறுதிப்போட்டியில் 96, 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு கேப். நடுவில் சம்பளம் 8.5 கோடி ஆனது. ஆட்டத்தின் அடிப்படை பெரிசா மாறலை, இடம் கிடைத்தது.

வாஷிங்டன் சுந்தர் கதைதான் உறுத்துகிறது. 2017 டிஎன்பிஎல்-லில் தூத்துக்குடி அணிக்குத் தொடக்க வீரராக 450 ரன்னுக்கு மேல் குவித்தவர். அதற்குச் சில மாதம் முன்பு புனே அணி அவரை பவர்பிளே பந்துவீச்சாளராக இறக்கியிருந்தது. ஐபிஎல் நினைவில் வைத்துக்கொண்டது இரண்டாவதைத்தான். 2018-ல் பெங்களூரு கொடுத்தது 3.2 கோடி. 2024 நவம்பரில் குஜராத் கொடுத்ததும் அதே 3.2 கோடி. நடுவில் பிரிஸ்பேனில் அறிமுக டெஸ்டிலேயே 62 அடித்துவிட்டார், 8.75 கோடிக்கும் ஒருமுறை போனார். 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி, பாதி பேட்டிங் பாதி பவுலிங் ஆட்களின் தேவையைக் குறைத்துவிட்டது. வாஷிங்டன் போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று ரோஹித் சர்மாவே 2024-ல் குறைபட்டுக்கொண்டார்.

அமெரிக்க கால்பந்தில் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள்: 'சிஸ்டம் குவார்டர்பேக்'. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் பந்தை வீசிக்கொண்டே இருக்கும் 'ஏர் ரெய்டு' பாணிக்குப் பெயர் போனது. அங்கே கிரஹாம் ஹாரெல் 2007, 2008 இரண்டு சீசனிலும் 5,000 கெஜத்துக்கு மேல் வீசினார். 2009 டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்கவில்லை. பாணிதான் ரன்னைக் கொடுத்தது, ஆள் இல்லை என்று முடிவு கட்டினார்கள். அதே கல்லூரி, ஏறக்குறைய அதே பாணி. 2017-ல் பேட்ரிக் மஹோம்ஸை கான்சாஸ் சிட்டி 10-வது ஆளாக எடுத்தது. மூன்று சூப்பர் பவுல் வென்றுவிட்டார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. கோர்வைச் சேலையில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடா போடுவார்கள். முடிந்த சேலையை மட்டும் பார்த்து, கரைப் பக்கம் உட்கார்ந்தவர் எவ்வளவு கெட்டிக்காரர்னு சொல்ல முடியுமா?

ஐபிஎல் அணிகள் தங்கள் தேவைக்கு வாங்கும், அது அவர்கள் காசு. டிஎன்பிஎல் அப்படி இருக்க வேண்டியதில்லை. மாவட்டப் பசங்களை வளர்க்கத்தான் இந்தத் தொடர் என்றால், 19 வயதுப் பையனை சீசன் முழுக்க ஏழாவது இடத்தில் உட்கார வைத்து, மேட்சுக்கு ஐந்தாறு பந்து மட்டும் கொடுப்பது என்ன வளர்ப்பு? லீக் சுற்றில் இரண்டு மேட்சிலாவது இளம் வீரரை வேறு இடத்தில் இறக்கிப் பார்க்கலாம். தோற்றால் ஒரு மேட்ச்தான் போகும்.

அதுவரை, கூலியில் மிச்சம் பிடித்து கோச்சிங் ஃபீஸ் கட்டும் அப்பாக்கள் பயிற்சியாளரிடம் 'எவ்வளவு ரன் அடிச்சான்' என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். 'எத்தனாவதா இறக்குறீங்க சார், எத்தனை பந்து கிடைக்குது?' என்றும் கேட்கலாம்.