கோடை லீவில் ட்ரெக்கிங் போகலாமா? காட்டை மூடுவது ஏன், பக்கத்தில் எங்கே நடக்கலாம்?

மார்ச் பிறந்தாலே வாட்ஸ்அப் குரூப்புகளில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "மச்சி, இந்த லீவுக்கு ட்ரெக் போலாமா?" இன்ஸ்டாவைத் திறந்தால் மேகம் தவழும் மலைமுகடு, பாறை இடுக்கில் பச்சை நிறத் தண்ணீர், முதுகில் பையோடு நிற்கும் நண்பர்கள் என ரீல்ஸ் வரிசை கட்டும். ஆசையாக புக்கிங் பக்கத்துக்குப் போனால், பாதை மூடப்பட்டிருக்கிறது என்று பதில் வரும்.

லீவு கிடைப்பதே கோடையில்தான். அந்த நேரம் பார்த்து ஏன் காட்டை மூடுகிறார்கள்? காடே இல்லாத பாறைப் பள்ளத்தாக்குகளுக்குப் போனால் பிரச்சினை இல்லையா? மலைக்குப் போக முடியாவிட்டால் வேறு எங்கே நடக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எப்போது மூடப்படுகிறது?

தமிழ்நாடு வனத்துறையும், தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகை. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைகளைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள்.

திட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே, 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்தப் பாதைகள் மூடப்பட்டன. காரணம், அது காட்டுத்தீ காலம். அதன் பிறகும் எல்லாப் பாதையும் ஒரே நாளில் திறந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எது திறந்திருக்கிறது என்பதை ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பார்த்துவிட்டுத்தான் லீவுக்கே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது: 2018 மார்ச் 11.

குரங்கணியில் என்ன நடந்தது?

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் மலையேறின. அது ஒரு வார இறுதி. ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்தது. பலர் தீயில் சிக்கினார்கள். சிலர் தப்பிக்க ஓடிப் பள்ளத்தில் விழுந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. சிகிச்சை பலனின்றி அடுத்தடுத்த வாரங்களில் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலானவர்கள் இளைஞர்கள்.

அவர்கள் சென்ற கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி தரப்படவில்லை என்று அப்போது அரசு கூறியது. அதே 2018-ல்தான் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

தீயிலிருந்து ஓடித் தப்பிக்க முடியாதா?

சமவெளியில் முடியலாம். மலைச்சரிவில் கணக்கு வேறு. தீயின் வெப்பம் மேல்நோக்கிப் போகும். சரிவில் மேலே இருக்கும் புல்லை அது முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கணக்கு. மனிதர்களுக்கோ ஏற்றத்தில் வேகம் குறையும். பயத்தில் மேலே ஓடுபவரைத் தீ துரத்திப் பிடித்துவிடும்.

மூடுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர்களால் ஏற்படுவது. காய்ந்த புல்லுக்கு ஒரு சிகரெட் துண்டு போதும். அடுத்தது, கோடையில் ஓடைகள் வற்றிவிடும். யானை, காட்டெருமை எல்லாம் மிச்சமிருக்கும் சில நீர்நிலைகளைத் தேடி வரும். ட்ரெக்கர்களும் இளைப்பாற அதே தண்ணீருக்குத்தான் வருவார்கள்.

அப்படியென்றால் வெள்ளியங்கிரி?

நியாயமான கேள்வி. கோவை வெள்ளியங்கிரி மலைக்கு பக்தர்கள் அனுமதிக்கப்படுவதே பிப்ரவரி முதல் மே வரைதான். அது வழிபாட்டு மரபு. பாதை பழகியது, கூட்டமும் அதிகம். ஆனால் ஆபத்து விலகிவிடவில்லை. 2024 சீசனில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எனப் பலர் உயிரிழந்த செய்திகள் தொடர்ந்து வந்தன. தீ இல்லாவிட்டாலும், பழக்கமில்லாத உடம்போடு வெயில் காலத்தில் மலை ஏறுவது தனி ஆபத்து என்பதற்கு அதுவே உதாரணம்.

கேன்யன் என்றால் பாதுகாப்பா?

காடு மூடியிருந்தால் அடுத்த சாய்ஸாகப் பலர் சொல்வது கண்டிக்கோட்டா. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் பெண்ணாறு ஆறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்து உண்டாக்கிய செங்குத்துப் பள்ளத்தாக்கு. கரையில் பழைய கோட்டை. 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று பெயர். சென்னை, பெங்களூர் இரண்டிலிருந்தும் வார இறுதியில் போய்வரக்கூடிய தூரம். இங்கே தீ பயம் குறைவு. ஆனால் கடப்பா வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பாறையில் நிழலும் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வானிலை மையம் சொல்லும் 40 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. வெயிலில் காய்ந்த பாறை அதைவிட எவ்வளவோ சூடு. மேலிருந்து வெயிலும் பக்கத்திலிருந்து பாறையும் சேர்ந்து அடிக்கும்.

இதில் உலகத்துக்கே பாடம் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள அசல் கிராண்ட் கேன்யன். 446 கி.மீ. நீளம், சுமார் 1.6 கி.மீ. ஆழம். மலையில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். கேன்யன் என்பது கவிழ்த்துப் போட்ட மலை. காலையில் தெம்பாக, குளிர்ச்சியாக இறங்கிவிடலாம். கால் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வரும்போதுதான் ஏற்றம் ஆரம்பிக்கும். கீழே போகப் போக வெப்பமும் கூடும். ஜூலையில் மேல்விளிம்பு 29 டிகிரியில் இருந்தால், அடியில் 40-ஐத் தாண்டும். அதனால்தான் கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்காதீர்கள், ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள் என்று அந்தத் தேசியப் பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. கண்டிக்கோட்டாவின் ஆழம் அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் 'இறங்குவது சுலபம், ஏறுவது மிச்சம்' என்ற விதி அங்கேயும் அதேதான்.

மழையே பெய்யாமல் வெள்ளம் வருமா?

வரும். அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கு இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அங்கே மழை மிகக் குறைவு. பல கி.மீ. தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் இடுக்குக்குள் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அந்த இடம் நவஹோ பழங்குடிகளின் நிலம். இன்று வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீர் வெள்ளம் வந்து, 17 வயது சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மேலே மலையில் பெய்த கோடை மழைதான் காரணம். அருவி, ஓடை, பாறை இடுக்கு எதுவானாலும் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. நீர் வரும் திசையில் மேகம் கட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் கலங்கினாலோ, இலை தழையோடு வந்தாலோ, போட்டோவை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

ஏசி உடம்பு எவ்வளவு தாங்கும்?

வாரம் முழுக்க ஏசியில் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை வெயிலில் எட்டு மணி நேரம் நடக்கக் கிளம்புவதுதான் பெரும்பாலானவர்களின் பிளான். ஆனால் வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஜிம் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்பது பாதி உண்மை. மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரும். ஓஆர்எஸ், உப்புப் போட்ட மோர், கொறிக்க ஏதாவது உப்பான தின்பண்டம் பையில் இருக்க வேண்டும்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நடையை நிறுத்தி நிழலில் உட்கார வேண்டும். பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிரவைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பல பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னலே கிடைக்காது. கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது அதனால்தான் முக்கியம்.

ஊட்டி, கொடைக்கானல் போய்விடலாமே?

போகலாம், இ-பாஸ் இருந்தால். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இந்த முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஆக, எல்லோரும் ஒரே மாதத்தில் ஒரே மலைக்குப் போவது மலைக்கும் தாங்காது, போகிறவர்களுக்கும் டிராஃபிக்கில்தான் லீவு கழியும்.

சரி, வேற எங்கதான் போறது?

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடங்கள் இருக்கின்றன. சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்கு நடுவிலேயே இருக்கும் காடு. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா. கோவையில் சிங்காநல்லூர் குளம். திருச்சியில் ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. நேரம், அனுமதி இரண்டையும் முன்பே விசாரித்துக்கொண்டு, காலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போய் 9 மணிக்குள் திரும்பிவிடலாம்.

கோடையில் பார்க்க என்ன இருக்கும்? சரக்கொன்றை மஞ்சளாகக் கொட்டும் காலம் இது. புங்கமரம் புதுத் தளிர் விட்டிருக்கும், வேப்பம்பூ வாசம் தெருவுக்கே வரும். குயில் விடாமல் கூவுவது அது இனப்பெருக்கக் காலம் என்பதால். காகத்தின் கூட்டில் முட்டையிட அது போடும் நாடகத்தை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின், படம் எடுத்தால் செடியையும் பூச்சியையும் அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் இலவச ஆப்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் கடைசியில் 'சிட்டி நேச்சர் சேலஞ்ச்' என்ற பெயரில் உலக நகரங்கள் போட்டி போட்டு உயிரினங்களைப் பதிவு செய்கின்றன. வாசலில் இருக்கும் சிலந்திகூட அதில் கணக்கு.

இரவு நடை வேண்டுமென்றால், அடுத்த ஜனவரிக்கே காலண்டரில் குறித்து வைக்கலாம். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. சீசனில் பொதுமக்களும் கூட நடக்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியது செய்தியானதற்குக் காரணம், கரையில் நடந்து எண்ணுகிறவர்கள் இருந்ததுதான்.

இதனால் என்ன ஆகப்போகிறது?

மதுரை அரிட்டாபட்டியைப் பார்த்தால் புரியும். ஏழு சிறு குன்றுகள், சுனைகள், சமணர் படுக்கைகள், சுமார் 250 வகைப் பறவைகள். 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024 இறுதியில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றித் தெரியவந்தபோது கிராம மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் குன்றில் என்னென்ன கழுகு, எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் என்று அங்கே நடந்து நடந்து தெரிந்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அதனால் 'அங்கே வெறும் பாறைதானே' என்று யாரும் சொல்லிவிட முடியவில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

தனியார் குழுவோடு போவதாக இருந்தால் நாலு கேள்வி போதும். இந்தப் பாதைக்கு, இந்தத் தேதிக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா, அதைக் காட்ட முடியுமா? உள்ளூர் வழிகாட்டி வருகிறாரா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? யாராவது விழுந்தால் எந்த வழியாக, எந்த மருத்துவமனைக்கு? "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். மாட்டினால் வழக்கு அமைப்பாளர் மேல் மட்டும் வராது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. மூடிய மாதங்களில் மலைக்கிராம வழிகாட்டிகளுக்கு நடை வருமானம் இருக்காது. தீத்தடுப்புக் கோடு போடவும், காவல் காக்கவும் அதே மாதங்களில்தான் ஆள் தேவை. இரண்டையும் முறையாக இணைத்தால் காட்டுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

ஆகவே, குரூப்பில் அந்தக் கேள்வி வரும்போது இப்படி ஒரு பதில் போடலாம்: "ட்ரெக்கை ஜனவரிக்கு வச்சுக்கலாம் மச்சி. இந்த சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வா. தொப்பி எடுத்துக்கோ."